நூலகத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து வாசித்தால்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசித்து அதைப் பற்றிப் பேசுகிறோம். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. மனநலம் பற்றி இப்போது நிறையப் பேர் வெளிப்படையாகப் பேசுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்தப் பேச்சு டாக்டரிடமும் செல்போன் செயலியிடமும் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தின கட்டத்தில், ஒரு மனிதர் இன்னும் நோயாளி ஆகவில்லை, ஆனால் உள்ளுக்குள் ஒடிந்துகொண்டிருக்கிறார் என்ற நிலையில், அவர் போய் உட்கார ஊரில் என்ன இடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. டீக்கடை ஆண்களுக்கு. கல்யாண வீட்டுக்குப் போனால் சிரித்த முகமாக இருக்கவேண்டும். காசு கேட்காமல், யார் பெற்ற பிள்ளை என்று விசாரிக்காமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார விடும் இடம் என்று எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து நூலகம் ஒன்றுதான் இருக்கிறது.

அந்த நூலகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். காலையில் கதவு திறப்பதற்கு முன்பே பணி ஓய்வு பெற்ற நாலைந்து பேர் செய்தித்தாளுக்காகக் காத்திருப்பார்கள். ஒரே பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வரி விளம்பரம் வரை வாசிப்பார்கள். இன்னொரு பக்கம் டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கும் பிள்ளைகள். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஓரம் கிழிந்த பொது அறிவுப் புத்தகம். 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. எழுதியவர்கள் 15 லட்சத்துக்கு மேல். அந்த 15 லட்சத்தில் சிலர்தான் எங்கள் நூலகத்து மேஜையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், ஒவ்வொரு தேர்வு முடிவு வந்ததும் இரண்டு வாரம் காணாமல் போவாள், அப்புறம் அதே நாற்காலிக்கு வந்துவிடுவாள். யாரும் எதுவும் கேட்கமாட்டோம். கேட்காமல் இருப்பது மரியாதை என்று நினைத்திருந்தோம் எல்லோரும்.

வாசகர் வட்டம் என்பது தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் பழைய ஏற்பாடு, புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் அது நடக்கும் விதம்தான் எனக்கு வருத்தம். மேடை, மைக், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர்களின் பெயர்ப் பட்டியல், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவருடைய முக்கால் மணி நேரப் பேச்சு, நன்றியுரை, டீ, மிக்சர். நல்ல பேச்சைக் கேட்பதில் சுகம் உண்டு, நானே வரிசையில் உட்கார்ந்து ரசித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் பேச ஆள் இல்லாமல்தான் வந்தார்கள், இங்கேயும் கேட்டுவிட்டே போகிறார்கள்.

எங்கள் ஊரில் இது மாறியதற்குப் பெரிய திட்டம் எதுவும் காரணம் இல்லை. ஒரு மாதம் வருவதாகச் சொன்ன பேச்சாளர் வரமுடியவில்லை. நூலகர் அக்கா, "வந்தவங்க வந்தாச்சு, ஒரு கதையாவது வாசிப்போமே" என்று அலமாரியிலிருந்து ஒரு தொகுப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். வாசித்தேன். கதை முடிந்ததும் ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் அதை மறுக்க, நூலகம் பூட்டும் நேரம் தாண்டியும் யாரும் எழவில்லை. அதிலிருந்து அப்படியே தொடர்கிறோம்.

கதைகள் ஒவ்வொன்றையும் விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. சொந்த பந்தங்களிலிருந்து ஐந்நூறு மைலுக்கு அப்பால், பட்டணத்தில், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, சீக்காளி மனைவியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் கதை. சமைத்து வைத்து, கைகால் பிடித்துவிட்டு, கடைக்கு ஓடி, ராத்திரி திரும்பி வந்து மறுபடி அதே வேலை. எங்கள் பக்கத்துப் பேச்சு அதில் இருப்பதால் வாசிக்கும்போது வாய்க்கு இதமாக இருந்தது. கொஞ்சம் நீளம், அதனால் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டோம். பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு பிரதி. முடிந்தவர்கள் ஒரு பத்தி வாசிப்பது, முடியாதவர்கள் "அடுத்தவங்க" என்று தள்ளிவிடலாம், காரணம் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி பேசினார். (அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆளை அடையாளம் தெரியாதபடிதான் எழுதுகிறேன்.) கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். அவர் மனைவி பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி "அத்தை எப்படி இருக்காங்க?" "இருக்கா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை யாரும் பேசியதில்லை. செல்லம்மாளின் மூச்சு அடங்கியபோது பிரமநாயகம் பிள்ளையிடம் ஏன் அழுகை பொங்கவில்லை என்று ஒரு பையன் கேட்டான், கல்லூரி முடித்த பையன், அவனுக்கு அது கல்நெஞ்சாகத் தெரிந்தது. அண்ணாச்சி கையிலிருந்த தாளை மடியில் வைத்துவிட்டு, பையனைப் பார்க்காமல் சொன்னார்: "அழுகையெல்லாம் முன்னாடியே அழுது முடிச்சிருப்பாரு தம்பி. நான் ஒருநாள்கூட அவள எடுத்தெறிஞ்சு பேசினது கிடையாது. ஆனா மனசுக்குள்ள பேசியிருக்கேன். போயிச் சேர மாட்டியான்னு நினைச்சிருக்கேன். நினைச்சுட்டு அவளுக்கே கஞ்சி ஊட்டியிருக்கேன்."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக்கூடாது என்று அந்த நேரத்தில் எல்லோருக்கும் எப்படியோ புரிந்திருந்தது. தேர்வு முடிவு வந்தால் காணாமல் போவாள் என்று சொன்னேனே, அந்தப் பெண்தான் கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ யாரு அத்தைகூட இருக்காங்க?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும் ஆறரை மணிக்குள் போகவேண்டும் என்றும் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து, கூட்டம் நடக்கும் நேரத்தில் எங்களில் ஒருத்தி அவர் வீட்டில் போய் இருப்பது என்று ஆனது. கூட்டத்தில் யாரும் தீர்மானம் போடவில்லை, வெளியே செருப்பு போடும்போது பேசி முடித்தார்கள்.

நேராக அவரிடம், "உங்களுக்கு மனசுக்கு எப்படி இருக்கு, சோர்வா இருக்கா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான். நம் ஊரில் எழுபது வயது ஆண்மகன் வேறு பதில் சொல்லமாட்டார். பிரமநாயகம் பிள்ளையைப் பற்றிப் பேசுவதாக இருந்ததால் பேசினார். தன் கதையைச் சொல்வதற்கு இன்னொருவரின் கதையைத் திரையாகப் பிடித்துக்கொள்ளலாம், வேண்டும்போது விலக்கலாம், வேண்டாமென்றால் "நான் கதையைத்தான் சொன்னேன்" என்று பின்வாங்கிக்கொள்ளலாம். புத்தகக் கலந்துரையாடல் மனதுக்கு ஏன் நல்லது என்று என்னிடம் கேட்டால் இந்தப் பின்வாங்கும் வசதியைத்தான் முதலில் சொல்வேன். ஆலோசகர் அறையில் அது கிடையாது, அங்கே போய் உட்கார்ந்தாலே பேச்சு உங்களைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் லிவர்பூலை மையமாகக் கொண்டு 'தி ரீடர்' என்று ஓர் அமைப்பு இதே வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறது. ஜேன் டேவிஸ் என்ற இலக்கிய ஆசிரியை 2002 வாக்கில், பல்கலைக்கழகத்துக்கு வெளியே, இலக்கியம் படித்தே பழக்கமில்லாத சாதாரண மக்களோடு ஆரம்பித்தார். நூலகம், முதியோர் இல்லம், சிறை, மனநல மருத்துவமனை என்று பல இடங்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் முறையில் எனக்குப் பிடித்தது, வீட்டிலிருந்து படித்துவிட்டு வரச் சொல்வதில்லை. அங்கேயே, அப்போதே, சத்தமாக வாசிப்பது. இடையில் நிறுத்திப் பேசுவது. பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவரையும் அப்படியே விடுவது. படித்துவிட்டு வரவேண்டும் என்று சொன்ன நொடியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும், படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று. மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு பக்கம் படிப்பதே மலையேறுவது மாதிரி இருக்கும், அவர் முதல் ஆளாகக் கழன்றுகொள்வார். யாருக்காக நடத்துகிறோமோ அவரே வரமாட்டார்.

இன்னும் பின்னால் போனால் அமெரிக்காவில் சேடி பீட்டர்சன் டெலனி என்ற கறுப்பினப் பெண் நூலகர். 1924-இல் அலபாமா மாநிலம் டஸ்கீகியில், முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய கறுப்பினச் சிப்பாய்களுக்கான மருத்துவமனை நூலகத்தில் சேர்ந்தார். சேரும்போது அங்கே இருந்தது சுமார் 200 புத்தகம். உடம்பும் மனமும் காயப்பட்ட அந்த மனிதர்கள் ஒவ்வொருவரையும் தெரிந்துகொண்டு, அவரவருக்கு ஏற்ற புத்தகத்தைக் கையில் கொடுத்து, குழுவாக உட்காரவைத்துப் பேசவைத்தார். வெளியே போனால் தனிக் குழாயில் தண்ணீர் குடிக்கவேண்டிய காலம் அது. முப்பது வருடத்துக்கு மேல் அதே மருத்துவமனையில் இருந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று இந்திய நூலக அறிவியலின் தந்தை, சீர்காழிக்காரரான நம் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் விதியாக எழுதுவதற்கு முன்பே அந்த அம்மா அதைச் செய்துகொண்டிருந்தார்.

நமக்கும் இது அந்நியம் இல்லை. எழுத்துத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ராகம் போட்டு வாசிக்க, தெருவே சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடம் வரும்போது பெண்கள் அழுவார்களாம், என் ஆச்சி சொல்வாள். அவரவர் பிறந்த வீட்டில் பட்ட அவமானத்துக்கும் சேர்த்து அழுதிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. மழை பெய்யவில்லை என்றால் கோயிலில் மகாபாரதத்தின் விராட பர்வம் வாசிக்கிற வழக்கமும் இருந்தது. ஊருக்கு ஒரு கஷ்டம் வந்தால் ஊர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்கும்.

இதை நான் வைத்தியம் என்று சொல்லவில்லை, யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயது வந்தவர்களில் சுமார் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்றும் தெரியவந்தது. அந்தப் பெரிய இடைவெளியை ஒரு சிறுகதை அடைத்துவிடாது. தூக்கமே இல்லாமல் போனவர், சாப்பாடு இறங்காதவர், வாழ்ந்தது போதும் என்று பேசுபவர், அவர்களுக்கு டாக்டர் வேண்டும், மாத்திரையும் வேண்டியிருக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, நாளின் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இந்த எண்ணை எங்கள் நூலகத்தில் செய்தித்தாள் மேஜைக்கு எதிரே, கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறோம். கழிப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறோம், அங்கே யாரும் பார்க்காமல் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்பதால். அது நூலகர் அக்காவின் யோசனை, எனக்குத் தோன்றியே இருக்காது.

ஆனால் டாக்டரிடம் போகலாம் என்ற எண்ணம் ஒருவருக்கு வருவதற்கே, அதைச் சகஜமாகப் பேசும் நாலு பேர் பக்கத்தில் இருக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருமுறை கதையில் வரும் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், பிரசவத்துக்குப் பிறகு தான் ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டதைப் போகிறபோக்கில் சொன்னார், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்வதுபோல. முடிந்து வெளியே வரும்போது ஒரு இளம் அம்மா அவர்கூட நடந்து போனதைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம், நோட்டீஸ் பலகையில் "மனநல விழிப்புணர்வு நிகழ்ச்சி" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஒரு நல்ல எண்ணத்தில் யாரோ யோசனை சொன்னார்கள், நாங்கள் கேட்கவில்லை. அப்படி எழுதினால் வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். "ஞாயிறு 5 மணி, சிறுகதை வாசிப்பு, எல்லோரும் வரலாம்" என்பது போதும்.

சில விஷயங்களில் மட்டும் நாங்கள் கறாராக இருக்கிறோம். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது, சின்ன ஊர், ஒரு பேச்சு கசிந்தால் அவ்வளவுதான். யாருக்கும் அறிவுரை சொல்லக்கூடாது. இது ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அன்பு என்றாலே அறிவுரைதான். "யோகா பண்ணுங்க", "சாமி கும்பிடுங்க", "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்களை நினைச்சுப் பாருங்க" எல்லாம் வரும். வந்தால், யார் நடத்துகிறார்களோ அவர் மெதுவாக, "சரி, அடுத்த பத்தியைப் பார்ப்போமா?" என்று கதைக்குத் திருப்பிவிடவேண்டும். கதை கையில் இருப்பதன் இன்னொரு லாபம் இது. பேச்சு எங்கே போனாலும் திரும்பி வர ஒரு வரி இருக்கும். ஒருவர் அழுதால் அழட்டும். தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

பெண்கள் வருவதுதான் பெரிய பாடு. முதலில் ஞாயிறு காலை வைத்தோம், ஒரு பெண்ணும் வரவில்லை, ஞாயிறு காலை என்பது கறி எடுத்து வந்து சமைக்கும் நேரம், யாரால் வரமுடியும். சாயங்காலம் மாற்றினோம். பீடி சுற்றும் அக்காமார் இரண்டு பேர் இப்போது வருகிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள், அதனால் வாசிக்கமாட்டார்கள், ஆனால் கேட்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பாத்திரத்தின் பெயர், அது எந்தச் சேலை கட்டியிருந்தது, யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள், எல்லாம் நினைவிருக்கும். நாங்கள் சமூகம், காலகட்டம் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருக்கும்போது, "அவ ஏன் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல?" என்று ஒரு கேள்வி கேட்டு எங்களை உட்காரவைத்துவிடுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நூலகத்தில் என்ன வேலை என்று நினைப்பவர்கள் இந்த அக்காமாரை ஒருமுறை பார்க்கவேண்டும்.

செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸும் டீயும்தான். இடம் ஏற்கெனவே நம்முடையது. 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நாம் சொத்து வரியோடு நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம், இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா. சொந்த வீடு இருப்பவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும். குறை என்று சொன்னால் நூலகர்களின் வேலைப்பளு. பல கிளைகளில் ஒரே ஆள் கதவைத் திறந்து, புத்தகம் அடுக்கி, பதிவேடு எழுதி, பூட்டவும் வேண்டும். அவர் தலையில் இதையும் கட்டக்கூடாது. நடத்துவதை வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம், நூலகர் நாற்காலியை மட்டும் வட்டமாகப் போட அனுமதித்தால் போதும். எங்கள் நூலகத்துக்கு ஏறிவர நாலு படி இருக்கிறது, சாய்தளம் இல்லை, மனு கொடுத்திருக்கிறோம். கால் முடியாதவர்களை இப்போதைக்கு இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கி வருகிறார்கள், அப்படித் தூக்கிக்கொண்டு வரப்படுவதை யாரும் விரும்பமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

எந்தக் கதை எடுப்பது என்பதில் இன்னும் தடுமாற்றம் உண்டு. முப்பது நாற்பது நிமிடத்தில் வாசித்து முடிக்க வேண்டும். நீதி சொல்லும் கதை வேலைக்காகாது, எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். தற்கொலையில் முடியும் கதைகளை நான் முன்கூட்டியே படித்துப் பார்த்து ஒதுக்கிவிடுகிறேன், கூட்டத்தில் யார் எந்த நிலைமையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. சோகக் கதையே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், அதை நான் ஏற்கவில்லை. சோகத்தில் இருப்பவருக்குச் சிரிப்புக் கதை கொடுத்தால் அவர் இன்னும் தனியாகிவிடுகிறார். தன்னைப்போல ஒருத்தர் பக்கத்தில் இருந்தாலே பாதி பாரம் குறையும். மனஸ்தாபம், கடன், மாமியார் மருமகள், வேலை போவது, பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடு, இந்த மாதிரி விஷயங்கள் உள்ள கதைகளுக்குப் பேச்சு தானாக ஓடுகிறது.

வேலைக்குக் காத்திருப்பதைப் பற்றி, வருடக்கணக்காகப் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பற்றி, நல்ல சிறுகதை ஒன்று எனக்குத் தேவைப்படுகிறது. அடுத்த தேர்வு முடிவு வருவதற்குள் அதை எங்கள் வட்டத்தில் வாசித்துவிட வேண்டும். எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், புத்தகம் எங்கள் கிளையில் இல்லாவிட்டாலும் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.